பெயர் மட்டும் வரவில்லை

மூளையில் இரத்தம் கசிந்தபின் பெயர்கள் வாயில் வராமல், வெள்ளவத்தையிலிருந்து மகளுடன் வந்திருந்த அம்மா ஒருவரிடம் திருவலையின் படத்தைக் காட்டினேன். தேங்காய் துருவுவதுபோல் கையை அசைத்தார்; "பிட்டுக்கு வேணும்... கத்தி... இல்லை, இல்லை" என்றார். "திரு..." என்று நான் தொடங்கியதும் "திருவலை" என்று முடித்துவிட்டு அழுதார்.

பெரும்பாலானோருக்கு மொழியை இயக்குவது மூளையின் இடப்பக்கம். உயர் இரத்த அழுத்தத்தால் அங்கே ஒரு சிறு நாளம் வெடித்து, கசிந்த இரத்தம் கட்டியாகிச் சுற்றியுள்ள திசுவை அழுத்தும்போது, பொருள் இன்னதென்ற அறிவு குலையாமலிருக்க, அதன் பெயரின் ஒலியை எட்டும் வழி மட்டும் தடைப்படலாம். முதல் ஒலியைக் கேட்டதும் சொல் வந்ததே, அது உள்ளே இருக்கிறது என்பதற்குச் சான்று.

வீட்டார் பலர் இதை மறதி என்றும், இன்னும் வருத்தமாக, பிடிவாதம் என்றும் எண்ணிவிடுகிறார்கள். "தேவாரம் முழுக்கப் பாடுறா, என்ர பேரைச் சொல்லமாட்டா" என்று அந்த மகளும் மனம் நொந்தார். பலகாலம் பாடிப் பழகிய தேவாரமும், ஒன்று, இரண்டு என்ற எண்களும் தாமாகவே ஓடிவரும். ஒரு பெயரைத் தேடி எடுப்பது முற்றிலும் வேறான வேலை. பார்க்க வருகிற உறவினர் ஒவ்வொருவரும் "நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்" என்று அன்போடு நடத்துகிற பரீட்சையை நிறுத்துங்கள் என்றே நான் முதலில் கேட்டுக்கொள்வேன், ஏனெனில் பதற்றம் கூடக்கூடச் சொல் இன்னும் விலகிப்போகிறது.

மனத்துக்குள் பத்து வரை எண்ணியபடி காத்திருங்கள். பிறகு அது எதற்குப் பயன்படும் என்று கேளுங்கள். அடுத்து முதல் ஒலியைக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லி, பேச்சைத் தொடருங்கள். வீட்டில் தமிழும் கடையில் சிங்களமும் அலுவலகத்தில் ஆங்கிலமுமாக வாழ்ந்த கொழும்பு மக்களுக்குத் தமிழ்ச் சொல்லுக்கு முன் சிங்களச் சொல் வந்து நிற்பதுண்டு. அதையும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்; எந்தெந்த மொழிகள் எவ்வளவு புழங்கின என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாகத் தெரியும். அதன்பின் மெதுவாகும், ஆனால் ஓராண்டைக் கடந்தும் புதிய சொற்கள் திரும்பக் கண்டிருக்கிறேன்.

நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரெனச் சொல் வராமற்போனால், தேத்தண்ணி கொடுத்துப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டாம். உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்.