கடிதத்தை விளக்குக்கு அடியில் வைக்காதீர்கள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய உறையில் எண்ணெய்க் கறை, ஓரத்தில் குங்குமம். வங்கி அனுப்பிய 129-ஆம் பிரிவு நோட்டீஸ், அதாவது தவணை தவறினால் வழக்குப் போடுமுன் அனுப்பும் எச்சரிக்கை. பிரிக்கவே இல்லை. சாமி விளக்குக்கு அடியில் வைத்து மூன்று மாதம் கும்பிட்டிருக்கிறார், அதற்குள் வங்கி வழக்கே போட்டுவிட்டது. இந்த வருடம் இப்படி எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு வேலை போயிருக்கிறது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்க ஆறாயிரம் ரேண்ட் ஆகும் என்று ஒருவர் சொல்ல, மஷோனிசாவிடம், அதாவது உள்ளூர் வட்டிக்காரரிடம் கடன். அடமானம் என்ன தெரியுமா? எண்பது வயது அம்மா அரசு உதவித்தொகை எடுக்கும் சாசா அட்டையும் அதன் ரகசிய எண்ணான பின் (PIN) நம்பரும்.

கூட வந்த மகன் என் எதிரிலேயே சொன்னார், "அம்மாவுக்குப் பக்தி முத்திப்போச்சு, அதான் இந்தக் கதி." எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். செய்வினைக்காரர்மேல் கூட இவ்வளவு கோபம் வரவில்லை.

தம்பி, கணக்கைப் பாருங்கள். கடன் ஆலோசகர்களாகிய எங்களுக்கு ஜாதகம் என்றால் பேங்க் ஸ்டேட்மெண்ட்தான். மார்ச்சில் சம்பளம் நிற்கிறது. ஏப்ரலில் வீட்டுத் தவணை திரும்புகிறது. சாமிச் செலவு தலைகாட்டுவது மே மாதத்தில்தான், முதலில் கோவில், அப்புறம் யாருக்கும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சர்ச் காணிக்கை, கடைசியில் அந்த ஆறாயிரம். பயம் முதலில் வந்தது, பக்தி அதன் பின்னால் ஏறியது. வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கேற்றியவர் தினமும் ஏற்றத் தொடங்கியது வேலை போன பிறகு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற இருவர் 2004-இல் பல நாடுகளை ஒப்பிட்டு இதைத்தான் எழுதினார்கள்: நாளைக்குச் சோறு உண்டா என்ற கவலை குறைந்த சமூகங்களில் வழிபாடும் மெல்லக் குறைகிறது. உடனே இல்லை, தலைமுறைக் கணக்கில். 1997-98 நெருக்கடியில் இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் தெளிவு. அதிகம் அடிவாங்கிய குடும்பங்கள் குர்ஆன் வகுப்புகளுக்கு அதிகமாகப் போயின, ஆனால் முறையான கடன் கிடைத்த இடங்களில் அந்த ஏற்றம் குறைவு என்று டேனியல் சென் என்ற பொருளியலாளர் காட்டினார். அதாவது மசூதி ஒரு காப்பீடு போலவும் வேலை செய்திருக்கிறது.

நம் கதை மட்டும் வேறா? 1860-இல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கு யார் காப்பீடு கொடுத்தார்கள்? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கியவர்கள்மீது 1895-இல் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டார்கள். 1928-இல் வந்த முதியோர் பென்ஷன் நமக்குக் கிடைக்க 1944 ஆனது, அதுவும் குறைந்த தொகை. அதுவரை கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கட்டிய மாரியம்மன் கோவில்தான் எல்லாம். பிறகு இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளி, கூட்டுக்குடும்பங்கள் சின்ன வீடுகளில் சிதறியபோது, துணை தேடிப் பலர் சர்ச்சுக்குப் போனார்கள். துணி ஆலைகள் மூடியபோதும் அரிசிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தது கோவில் சங்கமோ சபையோதான். இதையெல்லாம் ஒரே வார்த்தையில் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

சொல்லிச் சொல்லி அலுத்த விஷயங்களுக்கு வருகிறேன். சாசா அட்டையையும் பின் நம்பரையும் கடன் கொடுத்தவர் வைத்திருப்பது தேசியக் கடன் சட்டப்படியே தப்பு. கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் அட்டையை ரத்து செய்யுங்கள், அவர் மிரட்டினால் போலீஸுக்குப் போங்கள். 129 நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப் பத்து வேலை நாள் இருக்கிறது, வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் கடனை எங்களைப் போன்ற ஆலோசகர் தவணையை மாற்றி அமைக்கும் மறுசீரமைப்பில் சேர்க்க முடியாது. ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் யூ.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டுப் பணத்துக்கு 12 மாதத்துக்குள் எழுதிப் போட வேண்டும். இந்த அக்காவின் வீட்டுக்காரர் போடவே இல்லை, அவமானமாம். உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் ஐயா அது! பரிகாரத்துக்குக் கடன் வாங்கச் சொல்பவர் பூசாரியாக இருந்தாலும் பாஸ்டராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவில் காணிக்கை, தசமபாகம் என்று கொடுப்பதை என்னிடம் மறைக்கவும் வேண்டாம். மாதச் செலவுப் பட்டியலில் அதற்கும் ஒரு வரி போடுவேன். மறைத்தால் கணக்கு உதைக்கும், இரண்டாம் மாதமே தவணை தவறும்.

அந்த எண்பது வயது அம்மாவின் அட்டை இன்னும் மஷோனிசாவிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை சாசா அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள், அன்றைக்குப் போகட்டுமா என்று கேட்டார் அக்கா. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசையில் நில்லுங்கள், செவ்வாய்க்கிழமை அம்மனிடம் போகலாம் என்றேன்.