ஸ்டாம்ப்: அஞ்சல் தலையா, முத்திரையா?

ஸ்டாம்ப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் இடித்தல், குத்துதல். அதிலிருந்து, குத்திப் பதித்த அடையாளத்துக்கும் அதுவே பெயரானது. 1694-இல் இங்கிலாந்தில் பத்திரங்களுக்கு வரி வந்தபோது தாளில் அழுத்திய அச்சுதான் ஸ்டாம்ப். 1840 மே மாதம் அஞ்சல் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் உலகின் முதல் அஞ்சல் தலையான 'பென்னி பிளாக்' வந்தபோதுகூட அந்த ஒட்டும் துண்டை அதிகாரிகள் 'லேபிள்' என்றுதான் எழுதினார்கள்.

இலங்கைத் தமிழில் அதற்கு 'முத்திரை'. மூலப்பொருளுக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் முத்திரை என்றால் அஞ்சலகத்தில் மை தோய்த்துக் குத்துவது. இங்கே 'தபால் தலை' என்றோம். தபால் மராத்தி வழி வந்ததால் பிறகு 'அஞ்சல் தலை' ஆனது. எனக்குப் பிடித்தது அந்தத் 'தலை'.

பென்னி பிளாக்கில் விக்டோரியா அரசியின் தலையைப் பொறித்தது அழகுக்காக மட்டுமல்ல. தெரிந்த முகத்தில் சிறு மாற்றம் வந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும், கள்ள அச்சு எடுபடாது என்று 1839-இல் கருவூலம் நடத்திய போட்டியில் பெஞ்சமின் செவர்ட்டன் வாதிட்டிருந்தார். போதாததற்கு, 240 தலைகள் கொண்ட தாளில் ஒவ்வொன்றின் கீழ்மூலைகளிலும் வெவ்வேறு எழுத்துச் சோடி வைத்தார்கள். இவ்வளவு செய்தும், சிவப்பு முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம் என்ற தலைவலி வந்தது! 1841-இல் தலை சிவப்பானது, முத்திரை மை கருப்பானது.

பெரிய மோசடி அப்புறம்தான். 1872-73-இல் லண்டன் பங்குச் சந்தைத் தந்தி அலுவலகத்தில், தந்திக் கட்டணத்துக்காகப் படிவங்களில் பச்சை நிற ஒரு ஷில்லிங் கள்ளத் தலைகளை ஒட்டிப் பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள். அசல் தாளில் இருக்கும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) கிடையாது, சிலவற்றில் அசலில் இருக்கவே முடியாத எழுத்துச் சோடிகள். ஆனாலும் 1898-இல் அஞ்சல் தலை வியாபாரி சார்லஸ் நிசென் பழைய தலைகளைப் புரட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அலுவலக எழுத்தர் மேல் சந்தேகம், யாரும் பிடிபடவில்லை.

இப்படி அரசை ஏமாற்றுவதைக் கள்ளநோட்டு போலக் 'கள்ளத் தலை' என்றும், சேகரிப்பவரை ஏமாற்றுவதைப் 'போலித் தலை' என்றும் பிரித்துச் சொல்லலாம். இரண்டாவதில் மன்னன் ழான் த ஸ்பெராத்தி. மலிவான அசல் தலையின் படத்தை மட்டும் வெளுத்துவிட்டு, அதே தாளில் விலையுயர்ந்த தலையை அச்சிடுவார். நீர்க்குறி, முத்திரை எல்லாம் அசல். கடைசியில் 1954-இல் பிரிட்டிஷ் அஞ்சல்தலைச் சங்கமே அவருடைய சரக்கை விலை கொடுத்து வாங்கித் தொழிலை நிறுத்தவைத்தது.