இலையில் தொடங்கி மரத்தில் முடியும் அத்தி

ஃபிலோசிகோஸ் என்ற அத்தி வாசனைத் திரவியத்தைக் காகிதப் பட்டையில் ஒருமுறை தெளித்து முகர்ந்தால், முதலில் பழம் வராது. ஸ்பிரிட் நெடி பறந்ததும் மூக்கில் ஏறுவது இலை. காம்பை ஒடித்த கையில் ஒட்டுமே, லேசாகக் கசக்கும் அந்தப் பச்சை வாசம். அரை மணி நேரம் போனால் அதே பட்டையில் தேங்காய்ப்பால் மாதிரி ஓர் இளம் இனிப்பு. படுக்கப் போகும் முன் எடுத்துப் பார்த்தால் காய்ந்த மரப்பலகை.

பாரிஸின் டிப்டிக் நிறுவனம் 1996இல் வெளியிட்டது இது. உருவாக்கியவர் ஒலிவியா ஜியாகோபெட்டி. 1994இல் 'பிரமியே ஃபிகியே' என்ற அத்தி வாசனையைச் செய்தவரும் அவர்தான். கிரேக்கப் பெயருக்கு 'அத்திப் பிரியர்' என்று பொருள் சொல்லலாம். கிரேக்கத்தின் பெலியோன் மலையில், கோடை வெயிலில் நிற்கும் அத்தி மரங்கள்தாம் இதன் கரு.

மல்லிகையிலிருந்து எடுப்பதுபோல அத்தியிலிருந்து மணத்தை எடுத்துவிட முடியாதா? பூ கண்ணிலேயே படாது; காய் என்று நாம் பார்ப்பதற்குள் ஒளிந்திருக்கிறது. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதும் அதனால்தான். இலையில் மணம் உண்டு. ஆனால் சோராலென் என்ற பொருளும் உண்டு. இலைச்சாறு தோலில் பட்டு, மேலே வெயில் விழுந்தால், புற ஊதாக் கதிரின் துணையோடு சோராலென் செல்லின் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிடும், தோல் கொப்பளிக்கும். (வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவர்கள் தரும் கார்போகரிசியிலும் இதே சோராலென் இருக்கிறது.) அதனால் அத்தி இலைச் சாரத்தை வாசனைத் திரவியங்களில் சேர்க்கக் கூடாது என்று சர்வதேச வாசனைப்பொருள் சங்கமான இஃப்ரா தடுத்துவிட்டது.

ஆக, மரத்தை மூலக்கூறுகளால் கட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கலவையும் ரகசியம். ஆனால் கைவசம் இருக்கும் பொருட்கள் தெரிந்தவைதாம். பச்சை வாசத்துக்கு ஹெக்ஸெனால்: புல் வெட்டும்போதும் இலை கசங்கும்போதும் செடிகளே உண்டாக்கும் பொருள். ஆறே கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய மூலக்கூறு, அதனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அது போனபின்னும் இலை நிற்க வேண்டுமே, அதற்கு ஸ்டெமோன் என்ற செயற்கைப் பொருள். ஒரு துளி கூடினாலும் மற்றதையெல்லாம் மூடிவிடும் அளவுக்குக் காரமான அத்தி இலை வாசம் அதற்கு.

பால் வாசத்துக்கு லாக்டோன்கள் என்ற வகைப் பொருட்கள். எட்டு கார்பன் கொண்ட காமா ஆக்டலாக்டோன், ஒன்பது கொண்ட காமா நோனலாக்டோன். தனியாக முகர்ந்தால் இரண்டிலும் தேங்காய்தான். ஒரு பட்டையில் ஸ்டெமோன், இன்னொன்றில் ஆக்டலாக்டோன் தொட்டு வைத்துத் தனித்தனியாக முகர்ந்தேன்: ஒன்றில் இலை, ஒன்றில் தேங்காய். இரண்டையும் சேர்த்து விசிறிபோல மூக்கின் முன் அசைத்தபோது அத்தி வந்து நின்றது. எந்தப் பட்டையிலும் இல்லாத பழம்! மூக்கில் இருக்கும் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகளில் எவையெவை ஒன்றாகத் தூண்டப்படுகின்றன என்பதைத்தான் மூளை ஒரு மணமாகப் படிக்கிறது. இரண்டு பட்டைகள் சேர்ந்தபோது அந்தக் கோலமே மாறிவிட்டது. திரவியத்திலும் பச்சை குறைந்து பால் ஏறும் அந்த இடைவேளையில்தான் பழம் தெரிகிறது. லாக்டோன் கூடிப்போனால் தேங்காயெண்ணெய் ஆகிவிடும். குறைந்தால் வெறும் இலை. அளவைப் பிடிப்பதில்தான் கலைஞரின் கை தெரிகிறது என்பேன்.

அடியில் இருப்பது தேவதாரு வகை மரவாசம். ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசப் பொருள் போன்ற பதினாறு கார்பன் பொருட்கள் மெதுவாகவே பறக்கும். பறக்கும் வேகத்தை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. பக்கத்து மூலக்கூறுகளோடு ஒட்டும் இறுக்கமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கனமானவை கலந்திருந்தால் இலேசானவையும் சற்றே தாமதித்துத்தான் கிளம்பும். தோலின் சூடு எல்லாவற்றையும் விரைவுபடுத்தும். பட்டையில் அரை மணி நேரம் நின்ற இலை மணிக்கட்டில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

மறுநாள் காலை பட்டையை எடுத்துப் பார்த்தேன். முதலில் மரம், பிறகு ஒன்றுமில்லை. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி முகர்ந்தேன். மரம் அங்கேயேதான் இருந்தது.