கரிக்கு வயது தெரியும், ஓவியத்துக்கு?

1879-இல் வடக்கு ஸ்பெயினின் அல்தமிரா குகையில் மார்செலினோ சான்ஸ் தெ சாவுத்துவோலா தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூடப் போன எட்டு வயது மகள் மரியாதான் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் சிவப்பும் கறுப்புமாகக் காட்டெருமைகள். இவை கற்கால மனிதர் வரைந்தவை என்று மறு ஆண்டே அவர் அச்சிட்டு வெளியிட்டார். பிரான்ஸின் பெரிய ஆய்வாளர்கள் நம்பவில்லை. அவர் வீட்டில் தங்கியிருந்த ஓர் ஓவியரை வைத்து வரையச் சொல்லியிருப்பார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அந்தப் பழி தீராமலே 1888-இல் சாவுத்துவோலா இறந்துபோனார். எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற எமீல் கார்த்தைலாக் தன் தவறை அச்சில் ஒப்புக்கொண்டது 1902-இல். அதற்குள் பிரான்ஸிலேயே வேறு குகைகளில் ஓவியங்கள் கிடைத்திருந்தன.

இரு தரப்புக்கும் கையில் ஆதாரம் இல்லாததுதான் அன்றைய சிக்கல். பாறையில் தீட்டியதன் வயதை அளக்க வழியே கிடையாது. இன்று பல வழிகள் உண்டு. ஆனாலும் அவற்றில் எதுவும் ஓவியன் கை வைத்த நாளை நேராகச் சொல்வதில்லை. ஒரு வகைச் சோதனை ‘இதற்கு முன்னால் வரைந்திருக்க முடியாது’ என்கிறது. இன்னொரு வகை ‘இதற்குப் பின்னால் வரைந்திருக்க முடியாது’ என்கிறது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் படத்துக்குக் கீழே அச்சாகும் ஆண்டுக் கணக்குகள் பலவும் இந்த இரண்டு வேலிகளுக்கு நடுவே பிடிக்கப்பட்டவைதான்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தாக்கத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து இது ஓயாமல் உருவாகிறது. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றோடு சேர்த்து இதையும் வாங்கிக்கொள்கிறது. செத்தபின் வரத்து நின்றுவிடும். உள்ளே இருப்பது சிதைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டுகளில் பாதி, இன்னொரு 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியிலும் பாதி. மிச்சத்தை எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று தெரிந்துவிடும். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால் கிடைக்கும் எண்ணைத் திருத்தவும் வேண்டும்.

முன்பெல்லாம் இதற்கு நிறையக் கரி வேண்டும். ஓர் ஓவியத்தையே சுரண்டி எடுத்தால்தான் சோதனை நடக்கும். யார் விடுவார்கள்? துகள் முடுக்கியோடு இணைந்த கருவிகள் வந்தபிறகு சில மில்லிகிராம் போதுமென்று ஆனது. 1994 டிசம்பர் 18 அன்று பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதியில் மூன்று குகை ஆர்வலர்கள் ஷோவே குகையைக் கண்டுபிடித்தபோது இந்த வசதி கைவசம் இருந்தது. கரியால் வரைந்த காண்டாமிருகங்களிலிருந்தும் ஒரு காட்டெருமையிலிருந்தும் துளித் துளியாக மாதிரி எடுத்தார்கள். வந்த விடை, திருத்திய கணக்கில், ஏறத்தாழ 36,000 ஆண்டுகள்.

பலருக்கு இது செரிக்கவில்லை. அதுவரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஆந்த்ரே லெருவா-குராங் வகுத்த நான்கு நடைகள்தான் பாடம்: முதலில் கரடுமுரடான கோடுகள், போகப் போக நேர்த்தி. ஷோவேயிலோ நிழல் தீட்டிய சிங்க முகங்கள், ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிய குதிரைத் தலைகள். இவ்வளவு கைத்திறன் இவ்வளவு முந்திய காலத்திலா? எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. கார்பன் சொல்வது மரம் செத்த காலத்தை. குகைத் தரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த பழங்கரியைப் பின்னால் வந்த ஒருவர் எடுத்து வரைந்திருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. குகையின் பழைய வாசலைப் பாறைச் சரிவு மூடியிருந்தது. சரிவில் புதிதாக வெளிப்பட்ட சுண்ணாம்புப் பாறையைக் காஸ்மிக் கதிர்கள் தாக்கும்போது கால்சியத்திலிருந்து குளோரின்-36 உண்டாகும். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்ததில், வாசல் கடைசியாக அடைபட்டது சுமார் 21,500 ஆண்டுகளுக்கு முன் என்று தெரிந்தது. ஆக, அதற்குப் பிறகு யாரும் உள்ளே போய் வரைந்திருக்க முடியாது. 2016-இல் 250-க்கும் மேற்பட்ட காலக் கணிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் இரண்டு கட்டங்களில் அங்கே வந்து போயிருக்கிறார்கள்: 37,000 முதல் 33,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை, 31,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முன்பு மறுமுறை. என்னைக் கேட்டால் நால்வகை நடைக் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

கரியால் வரைந்திருந்தால் சரி. பிரான்ஸின் லாஸ்கோ குகையில் காளைகளைத் தீட்டிய கறுப்போ மாங்கனீசு தாது. அதில் கார்பனே இல்லாததால், தரையில் கிடைத்த கரி, மான்கொம்பு போன்றவற்றை வைத்துத்தான் அந்தக் காளைகளுக்கு வயது சொல்கிறார்கள். செங்காவியும் அப்படித்தான், அது வெறும் இரும்பு ஆக்சைடு.

இங்கேதான் இரண்டாவது வகைச் சோதனை கைகொடுக்கிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாக ஓடு கட்டுமே, கிட்டத்தட்ட அதே சுண்ணாம்புப் படிவு குகைச் சுவரிலும் ஓவியத்தின்மேல் மெல்லப் படியும். கசியும் நீரில் யுரேனியம் கரைந்து வரும், தோரியம் கரையாது. அதனால் புதிதாகப் படியும் ஓட்டில் யுரேனியம் இருக்கும், தோரியம் அநேகமாக இருக்காது. பிறகு யுரேனியம் சிதையச் சிதைய உள்ளுக்குள்ளேயே தோரியம்-230 சேர்கிறது. இரண்டின் விகிதம்தான் ஓட்டின் வயது.

வேலை நடப்பதைப் பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். கூரிய கத்தியால் ஓட்டை மெல்லச் சுரண்டிக்கொண்டே போவார்கள். அடியில் நிறத்தின் பொட்டு தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். கையில் சேர்வது ஓர் அரிசிமணி அளவுகூட இருக்காது. மேலடுக்கையும் கீழடுக்கையும் தனித்தனியே அளப்பதும் உண்டு. உள்ளே போகப் போக வயது கூட வேண்டும். முறை மாறினால் அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டியதுதான். 2012-இல் வடக்கு ஸ்பெயினின் 11 குகைகளில் இப்படிப் பார்த்தபோது, எல் காஸ்தியோவில் ஒரு சிவப்பு வட்டத்தின் மேலோட்டுக்குக் குறைந்தது 40,800 ஆண்டு வயது வந்தது. அடியில் இருக்கும் வட்டம் எவ்வளவு மூத்தது என்பதை ஓடு சொல்லாது.

2018-இல் இன்னும் பெரிய சலசலப்பு. லா பசியேகா, மால்த்ராவியேசோ, ஆர்தாலஸ் என்ற மூன்று ஸ்பானியக் குகைகளில் ஓட்டின் வயது 64,000-ஐத் தாண்டியது. நம் இனத்தார் ஐரோப்பாவில் பரவுவதற்கு வெகு காலம் முன்பு. அப்படியானால் வரைந்தவர்கள், நமக்கு முன்பே அங்கே வாழ்ந்து மறைந்த இன்னொரு மனித இனமான நியாண்டர்தால்கள்! மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் கசிந்த நீர் ஓட்டிலிருந்து யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தால், தோரியத்தின் விகிதம் ஏறி வயது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பது அவர்கள் வாதம். சண்டை இன்னும் ஓயவில்லை.

மத்திய காலத்துக்கு வந்தால் கையெழுத்தும் கணக்கேடுகளும் துணைக்கு வருகின்றன. வட ஐரோப்பாவில் ஓக் பலகைமேல் தீட்டிய ஓவியங்களுக்கு மரவளையம் எண்ணலாம். பலகையில் கடைசியாகத் தெரியும் வளையத்தின் ஆண்டுக்கு முன் ஓவியம் இருக்க முடியாது. பூச்சி அரிக்கும் என்று தச்சர்கள் வெளி வெள்ளை மரத்தைச் செதுக்கிவிடுவதால், சில வளையங்கள் போனதாக வைத்துக் கூட்டிக்கொள்வார்கள்.

மரத்தையும் தோலையும் நம்பி ஏமாறவும் வழி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஒரு திறமைசாலி, மத்திய காலப் பாட்டுச் சுவடிகளின் தோல்தாள்களைச் சுரண்டிவிட்டு, அவற்றின்மேல் ‘மத்திய கால’ ஓவியம் தீட்டி விற்றுவந்தார். தாளைக் கார்பன் சோதனைக்குக் கொடுத்திருந்தால் அசல் பழசு என்றே வந்திருக்கும். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தை நடத்திவந்த பெல் டா கோஸ்டா கிரீன்தான் இந்தப் படங்களை இனம்பிரித்து, வரைந்தவருக்கு ‘ஸ்பானியப் போலிக்காரர்’ என்று பெயர் வைத்தார். பின்னர் நிறத்தைச் சோதித்தபோது மரகதப் பச்சை சிக்கியது. ஆர்சனிக்கும் செம்பும் சேர்ந்த அந்த நிறத்தை முதன்முதலில் தயாரித்ததே 1814-இல். ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. 1978-இல் மார்கன் நூலகம் அவருடைய போலிகளை மட்டுமே வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது.