குளிர்காலத்தில் நிற்கும் பைக்குக்குள் என்ன நடக்கிறது?

"வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டா போதும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது." குளிர்காலம் முழுக்க பைக்கை கராஜில் நிறுத்திவைக்கப் போகிறவர்களுக்கு யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்த்தால், மூன்று மாதம் கையே வைக்காமல் விடுவது எவ்வளவோ மேல் என்று புரியும்.

காரணம் தண்ணீர். பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள கார்பன், கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஹைட்ரஜன் நீராக மாறுகிறது. எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் நழுவி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் குளிர்ந்து கிடந்தால், அந்த ஆவி நீராகி ஆயிலில் கலந்துவிடும். எரிபொருள் எரிந்ததில் உண்டான நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடவே இறங்கி, அந்த நீரோடு சேர்ந்து அமிலமாகின்றன.

நீண்ட பயணத்தில் இது பிரச்சினையே இல்லை. ஆயில் முழுச் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் ஓடினால் நீர் மறுபடி ஆவியாகி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே சேர்த்துவிட்டு நிறுத்துகிறோம், அவ்வளவுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் சில சமயம் வெளிர் மஞ்சளாகக் குழம்பு போல ஒட்டியிருக்கும். அது ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை. சைலன்சரின் உள்ளேயும் இதே நீர் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அதனால்தான் ஆயிலை மாற்றுவதாக இருந்தால் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் ஆயிலில் அமிலத்தை முறிக்கும் காரப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். ஓட ஓட அவை தீர்ந்துகொண்டே வரும். பழைய ஆயிலோடு நிறுத்தினால் பேரிங்குகள் மாதக்கணக்கில் அந்த அமிலத்திலேயே ஊறிக் கிடக்கும். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்து, புது ஆயில் ஊற்றி நிறுத்துவதுதான் முறை.

அடுத்து பேட்டரி. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் தலைகீழானது. 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படைதான் இன்றும் பெரும்பாலான பைக்குகளில் இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் செய்யும்போது அது மீண்டும் கரைகிறது. பேட்டரி சும்மா இருந்தாலும் உள்ளே இந்த வேதிவினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். குளிரில் வேதிவினைகளின் வேகம் குறையும். ஆகவே முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, வெயில் காலத்தைவிடக் குளிரில்தான் சார்ஜைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதன் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது.

சார்ஜ் இறங்கிய பேட்டரியின் கதை வேறு. சல்பேட் முழுக்கத் தகடுகளுக்குப் போய்விட்டதால் கரைசலில் எஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அது மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து, தகடுகளை வளைத்து, பெட்டியையே விரிசல்விட வைக்கும். உறையாவிட்டாலும் இன்னொரு கேடு உண்டு. புதிதாகப் படிந்த சல்பேட் படிகங்கள் மிகச் சிறியவை, எளிதில் கரையும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் சிறியவை கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து கெட்டிப்படும். அதன்பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அவை எளிதில் கரையாது; தகட்டின் அந்தப் பரப்பு வீணாகிவிடும்.

நின்றுகொண்டிருக்கும் பைக்கில் மின்சாரத்தை யார் செலவழிக்கிறார்கள்? கடிகாரமும் அலாரமும்தான். வெறும் 1 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 90 நாளில் அது 2 ஆம்பியர்-மணியைத் தாண்டிவிடும். 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால் பங்குக்கும் அதிகம். நெகட்டிவ் முனையைக் கழற்றினாலே இது நின்றுவிடும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் செய்ய வேண்டும். வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் மெயின்டனர் சார்ஜர் ஒன்று இருந்தால் கவலையே இல்லை. சாதாரண சார்ஜரை மாட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. சார்ஜ் நிறைந்த பிறகும் மின்சாரம் பாய்ந்தால் அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கிவிடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும்.

சரி, பெட்ரோல். அது ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஏறக்குறைய 30 டிகிரியிலேயே கொதிப்பவையும் உண்டு, 200 டிகிரி தேவைப்படுபவையும் உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவுபவை அந்த லேசான பகுதிகள்தான், முதலில் பறந்து போவதும் அவைதான். எஞ்சியவற்றில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறுகின்றன. டேங்கில் பத்து லிட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே இது மெதுவாகத்தான் நடக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பதோ சில பத்து மில்லிலிட்டர்; அதுவும் காற்றுக்குத் திறந்திருக்கும். அது வற்றும்போது பிசின் முழுக்க அடியில் தங்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜினை ஓடவைக்கும் பெட்ரோல் ஜெட் என்ற சிறு குழல் வழியேதான் போகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நிறுத்தி எடுத்த வண்டி சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது முதலில் அந்தத் துளையைத்தான்.

ஆகவே பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி முழுக்க வடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. வசந்தத்தில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவும் ஒருநாள் வேலை மிச்சம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பாதை மூடியே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. டேங்கில் ஊற்றும் ஸ்டெபிலைசர், ஆக்சிஜனோடு நடக்கும் வினையைத் தடுக்கும் மருந்து. புதுப் பெட்ரோலில் கலந்தால்தான் பயன். கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்டுத் தராது.

எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் மறுபடி வந்து நிற்கிறது. 10 சதவீத எத்தனால் இருந்தால், 15 டிகிரியில் ஏறக்குறைய அரை சதவீதம் வரை தண்ணீர் அதில் கரைந்திருக்கும். வெப்பநிலை இறங்க இறங்க அந்த அளவும் குறையும். எல்லை தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து, டேங்கின் அடியில் தங்கிவிடும். அடியிலிருந்துதான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகிறது. டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்: உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும், இரும்பு டேங்கில் துருவும் குறையும்.

கராஜுக்குள் ஈரம் எப்போது படிகிறது என்பதும் பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது. 20 டிகிரி காற்றின் ஒரு கன மீட்டரில் 17 கிராம் நீராவி இருக்க முடியும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு திடீரென மிதமான காற்று வீசும் நாளில்தான், இன்னும் சில்லென்று இருக்கும் இன்ஜின்மீது, குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பில் வியர்ப்பது போல நீர் துளிர்க்கும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை கராஜில் வைத்தால் நிலைமை மோசமாகும். கேஸும் ஹைட்ரோகார்பன்தான், எரிந்தால் அதுவும் தண்ணீரைத்தான் காற்றில் சேர்க்கும். பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரம் உள்ளேயே அடைந்துவிடும், பருத்தித் துணி போதும்.

டயரும் செயினும் அதிகம் கேட்பதில்லை. வெப்பநிலை 25 டிகிரி இறங்கினால் 36 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 32க்கு வந்துவிடும். ஸ்டாண்டில் தூக்கி வைக்க முடிந்தால் நல்லது. செயினைத் துடைத்து எண்ணெய் பூசிவிட்டால் போதும்.

அந்த மூன்று மாதத்தில் கராஜில் செய்வதற்கென்றே சில வேலைகள் உண்டு. பிரேக் ஆயில் அதில் ஒன்று. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து மெல்ல மெல்ல 3.7 சதவீதம் நீரை இழுத்துக்கொண்டால் அந்த எல்லை 155 வரை இறங்க அந்தத் தரத்தில் அனுமதி உண்டு. இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால், சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பரில் அந்தச் சூடு வரலாம். அப்போது உண்டாகும் ஆவி அழுத்தினால் சுருங்கும். லீவர் கைப்பிடி வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வால்வ் இடைவெளி சரிபார்ப்பது. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி அது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தால்தான் அளவு சரியாக வரும். சூட்டில் வால்வின் தண்டு நீளும் என்பதால் அதற்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடம் விட்டிருப்பார்கள்; அதிகம் சூடாகும் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஓட ஓட வால்வ் தன் இருக்கைக்குள் அமிழ்ந்து, பல இன்ஜின்களில் இந்த இடைவெளி குறைகிறது. குறையும்போது சத்தமும் குறைவதால் யாரும் கவனிப்பதில்லை. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும்போது இருக்கையின் வழியாகத்தான் இறக்குகிறது. இடைவெளியே இல்லாமல் போனால் அது முழுதாக மூடாது, சூடு போக வழியின்றி ஓரம் கருகத் தொடங்கும்.

பிஸ்டனை கம்ப்ரஷன் நிலையில் மேலே கொண்டுவந்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து அளந்து, ஒவ்வொரு வால்வின் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி தப்பியிருந்து, அதை ஷிம் என்ற சிறு உலோக வில்லையால் சரிசெய்யும் வகை இன்ஜின் என்றால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். சரியான அளவு ஷிம் வந்து சேரச் சில நாள் ஆகலாம். அதுவரை திறந்த இன்ஜின்மேல் சுத்தமான துணி ஒன்றைப் போட்டு மூடி வையுங்கள். கேம் ஷாஃப்டைச் சுழற்றும் செயின் ஓடும் பள்ளத்துக்குள் ஒரு போல்ட் விழுந்தால் அதை எடுக்க இன்னும் பாதி இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.