காரையை எடுத்தால் பல் ஆடாது

தாராவி 90 அடி சாலைப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த வாரமும் அதே கதை. ஐம்பது தாண்டியவர். சர்க்கரை மாத்திரை கூடிக்கொண்டே போகிறது, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை. ஈறைத் தொட்டாலே ரத்தம். "வீங்கும்போதெல்லாம் மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கிறேனே டாக்டரம்மா, கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்கிறார்.

சரி, செத்த கிருமி எங்கே போகும்?

பாக்டீரியா உடைந்தால் அதன் டிஎன்ஏ வெளியே சிதறும். டிஎன்ஏவின் எழுத்துகளான சைட்டோசினும் குவானினும், மெத்தில் என்ற வேதிக் குறி ஒட்டாமல் அடுத்தடுத்து வரும் இடங்கள் அதில் நிறைய. நம் டிஎன்ஏவில் அபூர்வம். இதைக் கண்டுகொள்ளும் டிஎல்ஆர்9 என்ற ஏற்பி நம் வெள்ளணுக்களுக்குள் இருக்கிறது. ஜப்பானின் ஷிசுவோ அகிரா குழு 2000இல் இதை வெளியிட்டது. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று அந்த ஏற்பி பார்ப்பதில்லை. கிருமியின் சுவர்த் துண்டுகளும் வேறு ஏற்பிகளைக் கிளப்பிவிடும். புண்ணான ஈறு வழியாக, சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் இவையெல்லாம் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு முழுக்க லேசான அழற்சி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் ரத்தத்தில் ஏற்றம், இன்சுலினுக்கு உடம்பு மந்தம், அதனால் சர்க்கரையும் இறங்காது. வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது.

பல்லில் கல்லாகப் படிந்த அழுக்கான காரைக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள்: "கிளீன் பண்ணினா பல் ஆடிடுமாமே?"

ஆடாது. தயவுசெய்து இதைக் கேளுங்கள். பல்லைப் பிடித்திருப்பது எலும்பு. காரை வருடக்கணக்கில் கிடந்து, ஈறை வீங்க வைத்து, அந்த எலும்பைக் கரைத்திருக்கிறது. இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசியதுபோல் அடைத்திருந்ததால் ஆட்டம் உங்களுக்குத் தெரியவில்லை. எடுத்த பிறகு இடைவெளி தெரிகிறது, வீக்கம் வடிந்து ஈறு இறங்குகிறது, சில நாள் கூசுகிறது. உடனே பழி டாக்டர் மேல்! எனாமலைத் தேய்த்துவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். முறையாகச் செய்தால் கருவி காரையைத்தான் உடைக்கும். உங்கள் பல்லை ஆட்டியது, பயந்து தள்ளிப்போட்ட அந்த வருடங்கள்.

ஈறு சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை டாக்டர்களும் வாயை ஒருமுறை திறக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

ரத்தம் வருகிறதென்று பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், மென்மையான பிரஷ்ஷில் இருவேளை தேயுங்கள். மீதம் வைத்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மிஷ்ரி தேய்க்கும் அக்காமாரே, அது புகையிலை. ஈறில் ரத்தம் வருவதையே அது மறைத்துவிடும், விட்டுவிடுங்கள்.

செலவுதான் யோசனை என்றால், மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள், சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.