கொறடா: சாட்டை பதவியான கதை

நாடாளுமன்றத்தில் முக்கியமான மசோதா வருகிறது என்றால், முதல் நாளே செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: உறுப்பினர்கள் எல்லோரும் அவையில் இருக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவிட்டிருக்கிறார். புதுச்சேரியில் ஆட்சி ஆட்டம் காணும்போதெல்லாம் இந்தச் சொல் தெருமுனைப் பேச்சு வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் கொறடா என்பது ஆளா, உத்தரவா, பதவியா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். நம் தொகுதி எம்.பி. வெளியே என்ன பேசினார், அவையில் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது. இதைப் புரிந்துகொள்ளாமல் வாக்குப் பதிவேட்டைப் படித்தால் ஒருவரைப் பற்றித் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

நேர்ப்பொருள் சாட்டை, அவ்வளவுதான். தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா, எல்லாமே குதிரையையும் மாட்டையும் ஓட்டுகிற சாட்டையைக் குறிப்பவை. தமிழுக்கு வந்தபோது ரகரம் றகரமாகிவிட்டது. நம் பக்கத்தில் இந்த இரண்டு மொழிகளும் அயலாக இருந்தவை இல்லை. செஞ்சி நாயக்கர் காலத்தில் தெலுங்கு புழங்கியது. 1677இல் செஞ்சி மராட்டியர் கைக்குப் போனது. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியதே மராட்டியரிடமிருந்துதான். சவாரி, லகான், சவுக்கு என்று குதிரையோடு ஒட்டிய சொற்கள் பலவும் வெளியிலிருந்து வந்தவைதான், கொறடாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பேச்சு வழக்கில் ‘கொறடு’ என்கிற குறடோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஆணி பிடுங்குகிற குறடுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர உறவு கிடையாது.

சரி, சாட்டை எப்படிப் பதவியானது? அது இங்கிலாந்தில் நடந்தது. நரி வேட்டைக்குப் போகும்போது வேட்டை நாய்க் கூட்டம் கலைந்து ஓடிவிடாமல் சாட்டையைச் சொடுக்கிச் சேர்த்து வைக்க ஓர் ஆள் இருப்பார். வாக்கெடுப்பு நேரத்தில் தன் கட்சிக்காரர்களைத் தேடிப்பிடித்து அவைக்குள் கூட்டி வருகிறவருக்கு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அரசியலில் அந்த வேட்டைக்காரரின் ‘விப்பர்-இன்’ என்ற பெயரையே வைத்தார்கள். பிறகு பெயர் சுருங்கி வெறும் ‘விப்’ ஆனது. இந்தப் பேச்சு பரவியதற்கு 1769இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பேசிய உரையைக் காட்டுவது வழக்கம். அதே பர்க்தான் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், உங்கள் பிரதிநிதி உங்களுக்குக் கடன்பட்டிருப்பது உழைப்பால் மட்டுமல்ல, சொந்தப் புத்தியாலும்தான் என்ற பொருளில் பேசினார். உறுப்பினரைக் கட்சி இழுப்பது ஒரு பக்கம், அவருடைய சொந்த அறிவு இழுப்பது இன்னொரு பக்கம். இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்த இழுபறி தீரவில்லை.

ஆங்கிலத்தில் ஆளுக்கும் விப், அவர் அனுப்புகிற தாளுக்கும் விப். அந்தத் தாளில் விஷயத்தின் அடியில் எத்தனை கோடு என்பதுதான் கண்டிப்பின் அளவு. ஒரு கோடு என்றால் தகவல், இரண்டு என்றால் வந்துவிடு, மூன்று என்றால் வந்து சொன்னபடி வாக்களி. இந்த வழக்கம் அப்படியே தில்லிக்கும் வந்தது. ஆளையும் தாளையும் ஒரே சொல்லால் அழைக்கும் குழப்பமும் கூடவே தமிழுக்கு வந்து சேர்ந்தது. ‘கொறடா பிறப்பிக்கப்பட்டது’ என்று எழுதுகிறவர்களும், ‘கொறடா பேட்டி அளித்தார்’ என்று எழுதுகிறவர்களும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்.

தமிழில் சாட்டைக்குச் சொல் பஞ்சமா என்ன? சாட்டை இருக்கிறது, கசை இருக்கிறது, சவுக்கு இருக்கிறது. சவுக்கு என்று கடலூர் கரையோரத்தில் சொன்னால் மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு, மத்திகை. முல்லைப்பாட்டில், பாசறையில் காவல் நிற்கும் யவனர் மத்திகையைச் சுற்றிக் கட்டிய உடையோடு வருகிறார்கள். இந்தச் சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. புதுச்சேரிக்கு அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டி எடுத்த ரோமானியப் பானை ஓடுகளை நினைத்துக்கொண்டு படித்தால், யவனரோடு ஒரு யவனச் சொல்லும் கரையேறியிருக்கும் என்பது நம்ப முடியாத சங்கதி இல்லை.

இத்தனை சொல் இருந்தும் கொறடா ஏன் நிலைத்தது? என் எண்ணம் இதுதான்: சாட்டை என்பது எல்லாருக்கும் பொருளாகவே தெரிந்த சொல். ‘சாட்டை வந்தார், சாட்டை பேசினார்’ என்று ஒரு மனிதரை அழைக்க நாக்கு வராது. கொறடாவின் நேர்ப்பொருள் பெரும்பாலோருக்கு மறந்து போயிருந்ததால் அது பதவிப் பெயராக உட்கார்ந்துகொண்டது. இந்தி, கன்னடக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எச்சரித்து விழிப்பூட்டுகிறவர் என்ற பொருளில் ‘சசேதக்’, ‘சசேதக’ என்று வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது இலங்கைத் தமிழரின் சொல்: முதற்கோலாசான். கோலை வைத்திருக்கிற ஆசான். அதில் அதட்டல் இருக்கிறது, ஆனால் அடி இல்லை. இலங்கை நாடாளுமன்றத் தமிழில் ஆளுங்கட்சி முதற்கோலாசான், எதிர்க்கட்சி முதற்கோலாசான் என்று அதிகாரபூர்வமாகவே எழுதுகிறார்கள். அங்கேயும் பத்திரிகைகளில் ‘பிரதம கொறடா’ புழங்குகிறது என்பது வேறு விஷயம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அதுதான். அதன்படி ஓர் உறுப்பினர் இரண்டு வழியில் பதவி இழக்கலாம். ஒன்று, கட்சியின் உறுப்பினர் நிலையைத் தானாகக் கைவிடுவது. இரண்டாவது, முன் அனுமதி இல்லாமல் கட்சிக் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இரண்டாவதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். அட்டவணை முழுக்கத் தேடினாலும் ‘விப்’ என்ற சொல் கிடைக்காது. கட்டளை என்றுதான் இருக்கிறது. அந்தக் கட்டளையை இடும் கொறடாவை நியமிக்க வேண்டியது வெளியே இருக்கும் கட்சிதான், அவைக்குள் இருக்கும் எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் அல்ல என்று 2023 மே மாதம் மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நடைமுறையில் பார்த்தால் வாக்கைவிடப் பேச்சுதான் அதிகம் ஆபத்தாக முடிந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களைத் தகுதி நீக்கக் கோரி திமுக கொறடா சக்கரபாணி நீதிமன்றம் வரை போனார். பதவி யாருக்கும் போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிமுகவின் 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் ஒரு வாக்குகூட மாற்றிப் போடவில்லை. அரசு தலைமைக் கொறடா ராஜேந்திரன் புகார் கொடுக்க, ஒருவர் பின்வாங்கிவிட, மற்ற பதினெட்டுப் பேரையும், கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகக் கைவிட்டவர்கள் என்று சொல்லி செப்டம்பரில் பேரவைத் தலைவர் தனபால் நீக்கினார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019இல் அதே கொறடாவின் புகாரில் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் எம்.எல்.ஏ. கலைச்செல்வன் உட்பட மூவருக்கு நோட்டீஸ் போனது. உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

புதுச்சேரியிலும் இதே கதைதான். பாகூர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. தனவேலு சொந்த அரசின் மீதே வெளிப்படையாக ஊழல் புகார் சொன்னார், துணைநிலை ஆளுநரிடமும் போனார். அரசுக் கொறடாவின் புகாரை ஏற்று 2020 ஜூலையில் பேரவைத் தலைவர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். ஆக, கொறடாவின் வேலை வாக்கெடுப்பு நாளில் தலை எண்ணுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. உறுப்பினர் தெருவில் நின்று பேசுவதற்கும் அவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் ராஜினாமா செய்கிறவரை எந்தக் கொறடாவாலும் கட்ட முடியாது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு அப்படித்தான் போனது. காங்கிரசிலிருந்து ஒவ்வொருவராக விலக, 21ஆம் தேதி லட்சுமிநாராயணனும் திமுகவின் வெங்கடேசனும் பதவி விலக, மறுநாள் அவையில் ஆளும் தரப்பு சிறுபான்மை. எதிர்ப்பக்கத்து 14 பேரில் மூவர் மத்திய அரசு நியமித்த பாஜக உறுப்பினர்கள். நியமன உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டு என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த 30 பேர் இருக்கிற அவையில் மூன்று நியமன வாக்குகளுக்கு எவ்வளவு கனம் என்பதை அன்றைக்குப் புதுச்சேரி நேரில் பார்த்தது. எந்தத் தொகுதிக்காரரும் தேர்ந்தெடுக்காத ஒருவர், எங்கள் ஊர் ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிப்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாததாகவே இருக்கிறது.

நாடாளுமன்றத்தில் வாக்குப் பதிவு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் போகின்றன. ஆம் என்போர், இல்லை என்போர் என்று அவைத்தலைவர் கேட்பார், சத்தத்தை வைத்து முடிவு சொல்வார். அதில் யார் பெயரும் பதிவாகாது. யாராவது முடிவை ஏற்காமல் பிரித்து எண்ணச் சொன்னால்தான் மணி ஒலிக்கும். மூன்றரை நிமிடம் கழித்து கேள்வியை மறுபடி வைப்பார்கள். பச்சைப் பொத்தான் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. அவை நடவடிக்கைக் குறிப்பில் அப்போதுதான் பெயர்வாரியாக வரும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. எதிர்க்கட்சிகள் பிரித்து எண்ணக் கேட்டும் நடக்கவில்லை. அந்தச் சட்டங்களைப் பற்றி ஒவ்வோர் உறுப்பினரும் ஊரில் எவ்வளவோ பேசியிருப்பார், அந்த அவையின் பதிவேட்டிலோ பெயர் இருக்காது.

பெயர் இருக்கிற இடத்தில் அதைக் கட்சியின் வாக்காகத்தான் படிக்க வேண்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அதிமுக ஆதரித்தது. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடமும் அப்போது அந்தக் கட்சியிடம்தான் இருந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. கூட்டணியை வைத்தும் கணக்குப் போட முடியாது. 2019 ஜனவரியில் பொருளாதார அடிப்படையிலான 10 சதவீத இடஒதுக்கீட்டைக் காங்கிரஸ் ஆதரித்தது, திமுக எதிர்த்தது. அடுத்த சில மாதங்களில் கடலூரில் திமுகவும் புதுச்சேரியில் காங்கிரசும் ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்டன. கூட்டணி ஒன்று, கொறடா வேறு. சின்னமும் இதில் சேர்கிறது. அதே தேர்தலில் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார், விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். இருவரும் ஒரே கட்சி. ஆனால் அந்த அவைக்குள் ரவிக்குமார் திமுக கணக்காக இருந்தார், அவரைக் கட்டுப்படுத்திய கட்டளையும் திமுகவினுடையது.

எனவே தமிழில் எழுதும்போது ஆளையும் தாளையும் பிரித்து எழுதுவது நல்லது. ஆளைக் கொறடா என்றே சொல்லலாம், அது பழகிவிட்டது, இலங்கைச் சொல்லை எடுத்துக்கொண்டால் இன்னும் மகிழ்ச்சி. அவர் அனுப்பும் தாளுக்குக் ‘கட்சிக் கட்டளை’ போதும். சட்டத்தின் வாசகமும் அதுதான். ‘கட்சிக் கட்டளை இருந்ததால் ஆதரித்தார்’ என்று ஒரு செய்தி எழுதினால், வாசகருக்கு முழு நிலவரமும் கிடைக்கிறது.

கட்டளை இல்லாத இடங்களும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு போட முடியாது. மாநிலங்களவைத் தேர்தலில் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும், ஆனால் மாற்றிப் போட்டதற்காகப் பத்தாவது அட்டவணையில் பதவி போகாது. தனிநபர் மசோதாக்களில் உறுப்பினரின் சொந்த அக்கறை தெரியும். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது அப்படித்தான். கேள்வி நேரத்தில் கேட்ட கேள்விகளும் ஓர் உறுப்பினர் எதில் கவனமாக இருக்கிறார் என்பதைக் காட்டும். ஆட்சியைக் காப்பாற்றும் நம்பிக்கை வாக்கெடுப்புகளில் மட்டும் கட்டளை மீறலுக்கான பதவிப் பறிப்பை வைத்துக்கொள்ளலாம் என்று 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. கிட்டத்தட்ட அதே வழியில் காங்கிரசின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டம் இன்னும் மாறவில்லை.